கடைசிப் பக்கம் வரை படிக்கிற அக்காவுக்கு

நோய்க்குறியீட்டுப் பிரிவின் நந்தா விளக்கே! கோப்புகளின் காவலரே! கேள்வி கேட்டே கிழமைகளைக் கழித்த கீர்த்தியே! மருத்துவர் கிறுக்கியதை மற்றவர் படிக்கும்படி மாற்றித் தந்த மாண்பே! முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல், முணுமுணுக்காமல், மூட்டு வலியோடு மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்கிய முத்தே! இன்றோடு பணி நிறைவு பெற்று, இனி காலை எட்டே முக்காலுக்குக் கதவருகில் நின்று "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்கப் போகாத எங்கள் மேற்பார்வையாளர் அம்மையீரே! தங்களுக்கு எங்கள் தலை தாழ்ந்த வணக்கம்!

அக்கா, மேலே உள்ள பத்தியை எழுதவே எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. 'மு' வரிசையில் இன்னும் ஒரு சொல் வேண்டும் என்று மருந்தகம் வரை போய் விசாரித்துவிட்டு வந்தோம். இனிமேலும் அம்மையீரே என்று நீட்டி முழக்க எங்களுக்கு நாக்கு வரவில்லை. கூப்பிட்டுப் பழகியபடியே அக்கா என்கிறோம், சபை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அரங்கில் இருக்கிற பாதிப் பேருக்கு நாம் என்ன வேலை பார்க்கிறோம் என்றே தெரியாது. எக்ஸ்ரே அறையைத் தாண்டி, படி இறங்கி, பாதி தரைக்கு மேலும் பாதி தரைக்குக் கீழுமாக இருக்கிற அந்த அறையில் ஏழு பேர் காலை முதல் மாலை வரை எதையோ படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வரைதான் தெரியும். அவர்களுக்காகச் சொல்கிறோம். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனதும் அவருடைய கோப்பு கீழே எங்களிடம் வரும். மருத்துவர் என்னென்ன நோய் என்று எழுதியிருக்கிறாரோ, அது ஒவ்வொன்றுக்கும் தடித்த பட்டியலிலிருந்து ஓர் எழுத்தும் சில எண்களும் கொண்ட குறியீடு ஒன்றைத் தேடிப் போடுவோம். எந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது, எதற்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதெல்லாம் பிறகு அந்தக் குறியீட்டை வைத்துத்தான் கணக்கிடப்படும். நோயைப் போக்குவது மாடியில், நோய்க்குப் பேர் வைப்பது கீழே என்று நீங்கள் வேடிக்கையாகச் சொல்வீர்கள்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே எங்கள் ஒவ்வொருவருக்கும் நீங்கள் ஐந்து சொற்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். அந்த வேகமும் அந்தக் கை அசைவும் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. "முதன்மை நோய்னா, எதுக்காகப் படுக்கையில சேர்த்தாங்களோ அது. அதுதான் முதல் வரி. துணை நோய்னா, அதோட கூடவே வந்து உட்கார்ந்தது. முன்வரலாறுன்னா, வந்துட்டுப் போனது, இப்ப இல்லாதது. போன நோயை இருக்கிற நோயா எழுதிட்டா அந்த மனுஷனை மறுபடியும் நோயாளி ஆக்குறோம்னு அர்த்தம். பின்விளைவுன்னா, நோய் போயிட்டாலும் அது விட்டுட்டுப் போனது." ஐந்தாவது சொல்லுக்கு வரும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றுவீர்கள். "குறிப்பிடப்படாததுன்னு ஒண்ணு இருக்கு. விவரம் தெரியலைன்னா போடறது. அதைப் போடறதுக்கு முன்னாடி, மேல போய்க் கேட்டியான்னு உன்னை நீயே கேட்டுக்கணும்."

நீங்கள் போய்க் கேட்டீர்கள். லிப்ட் நோயாளிகளுக்கு என்று சொல்லிப் படியில்தான் போவீர்கள். கையில் கோப்போடு நீங்கள் வார்டு வாசலில் நின்றால் "கடைசிப் பக்கம் வந்துட்டாங்க" என்று இளைய டாக்டர்கள் ஒளிந்துகொள்ள இடம் தேடுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். கோப்பைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் நீங்கள் மூடமாட்டீர்கள் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. உங்களுக்கு அது தெரியாது என்று இத்தனை நாள் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

நம் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அறை பாதி பூமிக்குள் இருப்பதால் அந்த ஜன்னல் வழியாக வெளிப்பாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். செருப்புக் கால், ஷூக் கால், கட்டுப் போட்ட கால், சக்கர நாற்காலியின் மிதிபலகையில் வைத்த கால். நாலு மணிக்கு நீங்கள் எழுந்து முதுகை நிமிர்த்தி, அந்த ஜன்னலருகே இரண்டு நிமிஷம் நிற்பீர்கள். "எல்லாம் நாம பேர் வச்ச காலுங்கதான். யாருடையது எதுன்னுதான் தெரியல" என்பீர்கள். நம் வேலையின் குறையே அதுதான் அக்கா. கோப்பை மூடிய பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று நமக்கு யாரும் வந்து சொல்வதில்லை. முப்பத்தொரு ஆண்டில் நீங்கள் மூடிய கோப்புகளுக்கு ஈடாக நாங்கள் என்ன தர முடியும் என்று யோசித்தோம். ஒரே ஒரு கோப்பின் மிச்சக் கதையைச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். நோயாளியின் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, நீங்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்று எங்களுக்குத் தெரியாதா?

எங்களில் ஒருவரை எல்லாரும் ஜெட் என்று கூப்பிடுவோம். வயது நாற்பத்து நாலு, தலையில் பாதி வழுக்கை, ஆனாலும் ஜெட். நாங்கள் கண்ணாடியைத் துடைத்து மூக்கில் மாட்டுவதற்குள் அவர் இரண்டு கோப்புகளை மூடிவிடுவார். கோப்பின் மேலே இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு பார்வை, கீபோர்டில் ஓர் ஓட்டம், அடுத்தது. "எல்லாம் சம்மரியிலயே இருக்கே அக்கா, மிச்சத்தை எதுக்குப் படிக்கணும்?" என்பார். "வேற யாரு படிப்பா? எழுதினவங்களே திரும்பப் படிக்கிறதில்ல" என்பீர்கள் நீங்கள். பதினைந்து வருஷமாக இந்த வாதம் ஓடிக்கொண்டிருந்தது, இருவரில் ஒருவரும் விட்டுக் கொடுக்கவில்லை.

இந்த மடலைப் படிக்கும் பொறுப்பை அந்த ஜெட்டே கேட்டு வாங்கிக்கொண்டார். கதை அவர் சொன்னது, எழுதியது மற்ற ஐந்து பேர். அதனால்தான் அவரைப் பற்றி அவரே யாரோ ஒருவரைப் போலப் படித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் குரல் நின்றுவிட்டால் பக்கத்தில் நிற்கிற, எங்கள் ஆறு பேரில் இளையவளான தங்கச்சி தொடர்ந்து படிப்பாள், அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெட்டின் வீட்டில் தரை துடைப்பது அவர் வேலை, அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. சமையலறையைத் துடைத்து முடித்து, வாளியை மூலையில் வைத்துவிட்டு, கூடத்தில் அடித்த போனை எடுக்கப் போனார். அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மா மாத்திரை போடத் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். டம்மென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா தரையில், டம்ளர் ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம்.

தூக்கும்போதே அம்மா சொன்னார்: "நீ துடைச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லப்பா. கால் தானா மடங்கிச்சு. அப்புறம்தான் விழுந்தேன்." காதில் ஏறினால்தானே? எந்த அம்மாதான் பெற்ற பிள்ளை மேல் பழி போடுவாள், எனக்காகச் சொல்கிறாள் என்று அவர் தள்ளிவிட்டார். அவசரப் பிரிவில் டாக்டர் "எப்படி விழுந்தாங்க?" என்று கேட்டபோது, அம்மா வாயைத் திறக்கும் முன்னே இவர் முந்திக்கொண்டார். "நான் தரை துடைச்சேன் டாக்டர். ஈரத்துல வழுக்கிட்டாங்க." டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இடுப்பு மூட்டை ஒட்டித் தொடை எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபி பெண் அவரைத் தனியே கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார். "நாளையிலிருந்து வாக்கரைப் பிடிச்சு நடக்க வைங்க சார். ஒரு நாளைக்கு நாலு தடவை. மூணு வாரத்துக்குள்ள நடந்துட்டாங்கன்னா நடந்துட்டாங்க. படுத்தே இருந்தாங்கன்னா தசை இளைச்சிடும், அப்புறம் தலைகீழா நின்னாலும் எழுப்புறது கஷ்டம்."

வீட்டுக்கு வந்ததும் இவர் என்ன செய்தார் தெரியுமா? அறைக்கு அறை ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார். துடைத்த தரையை மறுபடி காய்ந்த துணியால் துடைத்தார். வாக்கரை பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். அம்மா கட்டிலில் இருந்து காலைக் கீழே தொங்கவிட்டாலே "எங்கே போறீங்க?" என்று அலறுவார். "எப்பப்பா எழுந்திரிக்கட்டும்?" என்றால் "இன்னும் நாலு நாள் போகட்டும்மா." நாலு நாள் கழித்துக் கேட்டாலும் அதே நாலு நாள்தான். சாப்பாடு, மாத்திரை எல்லாம் வேளை தவறாமல் நடந்தது. அம்மாவின் முகத்தைப் பார்ப்பது மட்டும் நடக்கவில்லை. தட்டைப் பார்த்துப் பேசுவார், சுவரைப் பார்த்துப் பேசுவார். அவருடைய மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் போட்டு உடைத்தார்: "உங்களுக்குப் பயமா இருந்தா நீங்க படுத்துக்குங்க. அத்தையை எழுந்திரிக்க விடுங்க." அதற்கும் அசையவில்லை அந்த மனிதர். தன்னால் ஒருமுறை விழுந்தவர் தன் கண் முன்னால் இன்னொரு முறை விழுந்தால் உயிரோடு இருக்க முடியாது என்று அவருக்கு உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்று வாரமோ ஒவ்வொரு நாளாகக் கழிந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில்தான் அம்மாவின் கோப்பு கீழே வந்தது, வேறு யார் மேசைக்கும் போகாமல் நேரே இவர் மேசைக்கு. சொந்தக்காரர் கோப்பு வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது நம் பிரிவின் முதல் விதி. இவர் தள்ளவில்லை. தானே திறந்தார். முதல் வரி: விபத்தால் ஏற்பட்ட தொடை எலும்பு முறிவு. அதற்கடுத்து வெளிக்காரணம், அதாவது காயம் எப்படி வந்தது என்பதற்கான குறியீடு: தரையில் வழுக்கி விழுதல். நடந்த இடம் வீடு, வீட்டுக்குள் சமையலறை. வழக்கமாக நாமெல்லாம் காலியாக விட்டுவிடுகிற கட்டங்களைக்கூட ஒன்று விடாமல் நிரப்பினார். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதே, இந்தப் பிரிவில் யாரும் தொட்டே பார்க்காத கட்டம், அதில் எழுதினார்: "தரை ஈரம். துடைத்தவர் மகன்." எழுதி, மூடி, தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டவர் போல எழுந்து டீ குடிக்கப் போனார். குறியீடு போடுகிறவனைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு கிறுக்குத்தனம் தோன்றாது அக்கா.

பத்துக்கு ஒரு கோப்பு என்று உருவிச் சரிபார்ப்பது உங்கள் வழக்கம். அந்த வாரம் அந்தக் கோப்பு உங்கள் கையில் வந்தது. நிரம்பி வழிந்த கட்டங்களைப் பார்த்ததுமே உங்களுக்குப் பொறி தட்டிவிட்டது. ஜெட்டாவது, கட்டத்தை நிரப்புவதாவது! அவர் மேசைக்கு வந்து நின்றீர்கள்.

"இது யாரு?"

"அம்மா."

"நீயே எதுக்குப் போட்டே?"

"வேற யார் போட்டாலும் இதைத்தானே அக்கா போடுவாங்க."

நீங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு போனீர்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் நூற்றுப் பதினாலு பக்கத்தையும் படித்தீர்கள். நர்ஸ் குறிப்புகள் எல்லாம் கடைசியில் இருக்கும். தொண்ணூற்றேழாம் பக்கத்தில், வார்டில் சேர்த்த அன்று மாலை ஒரு நர்ஸ் பொறுமையாகக் கேட்டு எழுதியிருந்தார்: "நோயாளி கூறியது: தொடையில் சுரீரென்று வலித்தது. கால் மடங்கியது. பிறகு விழுந்தேன்." நீங்கள் திரும்பி வந்து, இவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"விழுந்தது யாரு தம்பி?"

"அம்மா."

"வழுக்கி விழுந்தாங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னது?"

"நான்."

"நீ பார்த்தியா?"

"இல்ல. நான் கூடத்துல போன் பேசிக்கிட்டிருந்தேன்" என்றார்.

தொண்ணூற்றேழாம் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தீர்கள். அம்மா வீட்டில் சொன்ன அதே வார்த்தை, யாரோ ஒரு நர்ஸின் கையெழுத்தில். எலும்பு முதலில் முறிந்து பிறகு விழுந்தாரா, விழுந்ததால் எலும்பு முறிந்ததா என்பது நம் பட்டியலில் வேறு வேறு அத்தியாயம் என்பது அவருக்குத் தெரியாததா? பலவீனமான எலும்பு சின்ன வீழ்ச்சியில் முறிந்தால் அது விபத்துக்காயம் ஆகாது, எலும்பு நோயில் சேரும். "அப்ப மாத்திடலாமா அக்கா?" என்று துள்ளினார்.

"நர்ஸ் எழுதினதை வச்சு நோய்க்கு நம்பர் போட முடியாது, உனக்குத் தெரியாதா? டாக்டர் சொல்லணும். கேட்டு அனுப்புறேன்."

"அப்படின்னா எலும்பு பலவீனம்தானேன்னு கேளுங்கக்கா."

"பதிலைக் கேள்விக்குள்ள ஒளிச்சு வச்சுக் கேக்கக் கூடாது."

நீங்கள் எழுதிய கேள்வித்தாள் இன்னும் அந்தக் கோப்பில் இருக்கிறது. பக்கம் தொண்ணூற்றேழையும் அறுவை சிகிச்சைக் குறிப்பையும் பார்த்து, முறிவின் காரணத்தைத் தெளிவுபடுத்தவும் என்று ஒரே வரி. கீழே நான்கு கட்டங்கள்: விபத்து, எலும்பு நோய், வேறு காரணம், கூற இயலாது. இவர் அதைப் படித்துப் பார்த்து முகம் வாடிப்போனார். "எனக்காகத்தானே கேக்கறீங்க? கொஞ்சம் பார்த்துக் கேக்கக் கூடாதா?" என்றார். நீங்கள் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது: "உனக்காக ஒண்ணும் கேக்கல. ஈரத் தரைதான்னு பதில் வந்தா நீ போட்டதையே வச்சுப்பேன். நீ அழுதாலும் சரி."

அன்றைக்கு அவர் உங்கள் மேல் கொண்ட கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு கல் மனசா என்று எங்களிடம் புலம்பித் தீர்த்தார். கேட்காமல் இருந்திருந்தால் அம்மா சொன்னது நிஜமோ என்று ஒரு 'ஒருவேளை'யாவது மிச்சம் இருந்திருக்கும், இப்போது அதுவும் போய்விடப் போகிறதே என்பதுதான் அவர் பயம்.

எலும்பு டாக்டர் வெளியூர் போயிருந்தார். ஒன்பது நாள். நீங்கள் நாலு தடவை மூன்றாம் மாடி ஏறினீர்கள். ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக இறங்கி வந்தீர்கள். ஜெட் அந்த ஒன்பது நாளும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு கோப்புகூட அவர் வேகத்தில் நகரவில்லை. வீட்டில் அம்மாவின் கால் தலையணை மேல் இளைத்துக்கொண்டிருந்தது. பிசியோதெரபி பெண் சொன்ன கெடுவில் இரண்டே நாள் பாக்கி.

வியாழக்கிழமை நாலு மணிக்கு நீங்கள் வந்து தாளை அவர் மேசையில் வைத்தீர்கள். இரண்டாவது கட்டத்தில் டிக். பக்கத்தில் டாக்டர் தன் கையால் எழுதியிருந்தார்: "அறுவையின்போது எலும்பு மிக மென்மையாக இருந்தது. சம்மரி எழுதிய பிறகு வந்த ஸ்கேன் முடிவும் அதையே காட்டுகிறது. இந்த உயரத்திலிருந்து விழுந்தால் ஆரோக்கியமான எலும்பு முறியாது. எலும்பு பலவீனத்தால் வந்த முறிவு. அதற்கான மருந்தைத் தொடங்க வேண்டும், நோயாளியை உடனே வரச் சொல்லவும்."

அவர் இரண்டு தடவை படித்தார். "அப்ப தரை?" என்றார்.

"தரை ஈரம்தான். அது உண்மை, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது முதல் வரி இல்ல தம்பி."

சொல்லிவிட்டுக் குறிப்புக் கட்டத்தில் இருந்த 'துடைத்தவர் மகன்' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் அழித்தீர்கள். "இதுக்கு நம்ம புத்தகத்துல நம்பர் கிடையாது" என்றீர்கள். கோப்பை மூடினீர்கள். ஜன்னலருகே போய் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு அடுத்த கோப்பை எடுத்தீர்கள்.

உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான் அக்கா. மிச்சத்தை இப்போது கேளுங்கள்.

அன்று ஜெட் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவை நகர்த்தினார். வாக்கரை வெளியே இழுத்து, தூசு தட்டி, அம்மாவின் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தார். ஒரு மாதத்தில் முதல் முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்து, டாக்டர் எழுதியதை வரி விடாமல் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதைத்தானே நான் அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பெத்தவ சொன்னா நம்ப மாட்டே, காகிதத்துல இருந்தா நம்புவே" என்றார். பிறகு அவருடைய கன்னத்தைத் தொட்டு, "இத்தனை நாள் என் மேல கோபம்னு நெனச்சேன்பா. பாரமா ஆயிட்டேனோன்னு நெனச்சேன்" என்றார். அதைக் கேட்டு இவர் ஆடிப்போய்விட்டார். தான் தன்னைத் தண்டித்துக்கொள்வதாக நினைத்ததெல்லாம் அம்மாவுக்குத் தண்டனையாகப் போயிருக்கிறது என்பது அதுவரை அவர் புத்திக்கு எட்டவேயில்லை.

"எலும்பே வீக்குன்னா நீங்க எழுந்திரிக்கிறது இன்னும் பயமா இருக்கேம்மா" என்று இழுத்தார்.

"என் எலும்புக்கு மருந்து இருக்குன்னு அவரே எழுதிட்டாராமே. உன் பயத்துக்குத்தான் இல்ல. பிடி."

அம்மா எழுந்தார். கட்டிலிலிருந்து வாசற்படி வரை எட்டு அடி. இவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் பின்னோக்கி நடந்தார். மூன்றாவது அடியில் அம்மா நின்று, "வழியை மறைக்காதே, விலகு" என்றார். விலகினார். எட்டாவது அடியில் அம்மா நிலைக்கதவைத் தொட்டதும் இவர் தான் துடைத்த அந்தத் தரையிலேயே உட்கார்ந்து கேவிக் கேவி அழுதார். அம்மா வாக்கரைப் பிடித்தபடி நின்றுகொண்டு சொன்னார்: "போதும் எழுந்திரு, அழுது தரையை ஈரம் பண்ணாதே."

சமையலறை வாசலில் நின்ற மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டதாம்.

மறுநாள் காலை இவர் உங்களிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட நீங்கள் அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்தாச்சா? வேலையைப் பாரு" என்று போய்விட்டீர்கள். அன்று சொல்லாததைத்தான் இன்று சபை நடுவே சொல்கிறோம். அந்த ஒரு தாளால் ஒரு மனிதர் எழுந்து நடந்தார் அக்கா. வேறு எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் சரியான மருந்து சாப்பிட்டார்கள், எத்தனை பேர் இல்லாத நோயின் பேரிலிருந்து தப்பினார்கள் என்று நமக்குத் தெரியாது. இந்த ஒன்று தெரியும்.

ஜெட் இப்போது கடைசிப் பக்கம் வரை படிக்கிறார். அதனால் வேகம் எங்களை மாதிரி ஆகிவிட்டது. பட்டப்பெயரை மட்டும் நாங்கள் மாற்றவில்லை, கிண்டல் செய்ய வேறு என்ன இருக்கிறது?

ஆற்றல் நிறைந்த அக்கா! ஆறுதல் சொல்லத் தெரியாதவர் போல் நடித்து, ஆறுதலை அரசாங்க முத்திரை போல் அழுத்தமாய்க் கொடுத்தவரே! எங்களுக்காக ஒரு எண்ணைக்கூட மாற்றாதவரே, அதனாலேயே நீங்கள் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் நாங்கள் நம்பினோம்! உங்கள் மேசையின் கேள்வித்தட்டில் இன்று மாலை நிலவரப்படி பதில் வராத மூன்று தாள் இன்னும் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவது ஜெட். படியில்தான் ஏறுவார், லிப்டில் போக மாட்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் நீடூழி வாழ வேண்டும் என்று எல்லா மடலிலும் எழுதுவார்கள். குறியீடு போடுகிறவர்கள் அப்படிப் பொத்தாம்பொதுவாக வாழ்த்தக் கூடாது, விவரம் வேண்டும். ஆகவே விவரமாக வாழ்த்துகிறோம். உங்கள் பேரில் எங்கள் மேசைக்கு ஒரு கோப்பும் வராமல் இருக்கட்டும். வந்தே தீருமானால், வருஷத்துக்கு ஒருமுறை, 'வழக்கமான பரிசோதனைக்கு வந்தார், புகார் எதுவும் இல்லை' என்ற குறியீட்டோடு மட்டும் வரட்டும். மூட்டு வலி முன்வரலாறு ஆகட்டும். முப்பத்தொரு ஆண்டு இந்த அறையில் உட்கார்ந்ததற்குப் பின்விளைவு என்று ஏதாவது இருந்தால், அது நாலு மணிக்கு எங்கள் ஞாபகம் வருவதாக மட்டும் இருக்கட்டும். நூறாண்டு நோயற்று நடந்து, எங்கள் ஜன்னல் வழியாக அடிக்கடி உங்கள் கால் தெரியட்டும். அந்தப் பழுப்புச் செருப்பை எங்களுக்கு அடையாளம் தெரியும்.

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். அதை உங்கள் கையில் கொடுக்கப் போகிறவர் எங்களில் ஒருவர் இல்லை. மூன்றாம் வரிசையில் ஓர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வாக்கரை விட்டு ஒரு வருஷம் ஆகிறது, இப்போது கைத்தடி மட்டும்தான். யாரும் எழுந்து பிடிக்க வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. மேடைக்கு இருபத்திரண்டு அடி, காலையிலேயே வந்து நடந்து பார்த்துவிட்டார். நீங்கள் ஜன்னலில் பார்க்கிற மாதிரி காலை மட்டும் பார்க்காதீர்கள் அக்கா, முகத்தையும் பாருங்கள்.

இங்ஙனம்,
எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் படி இறங்கினால் வரும் அறையில் உங்களோடு உட்கார்ந்திருந்த ஆறு பேர்

கீழே ஏழாவதாக உள்ள கையெழுத்து நம் பணியாளருடையது அல்ல. நூற்றுப் பதினாலு பக்கக் கோப்பின் நோயாளி போட்டது. நாற்காலி கொடுத்தோம், வேண்டாம் என்று சொல்லி, நின்றுகொண்டே போட்டார்.